பால் கேன் வண்டியும் முரண்டு பிடிக்கும் கியரும்

செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பால் வியாபாரமும் செய்யும் விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார். சொந்த மாடு நான்கு. அக்கம்பக்கத்துக் கொட்டகைகளின் பாலையும் சேர்த்து, காலையும் மாலையும் இரண்டு கேன்களில் கட்டிக்கொண்டு டவுன் டீக்கடைகளுக்கு ஊற்றுகிறார். ஒரு நடை போய்வர 22 கிலோமீட்டர். வண்டி, எட்டு வருடம் ஓடிய 100 சிசி ஸ்பிளெண்டர்.

இரண்டு மாதமாக அந்த வண்டி முரண்டு பிடிக்கிறது. முதல் கியர் போட்டால் ‘டக்’கென்று அடித்து வண்டி எகிறுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மிதித்தால் சில நேரம் கியர் விழாமல் எஞ்சின் மட்டும் அலறுகிறது. கடைவீதியில் நிறுத்தினால் நியூட்ரல் கிடைப்பதில்லை. கிளட்ச்சை விட்டதும் வண்டி குலுங்கி அணைந்து, ஒரு நாள் கேன் சாய்ந்து ஆறு லிட்டர் பால் சாக்கடையில் போய்விட்டது. பட்டறையில் காட்டியபோது, கியர் பாக்ஸ் தேய்ந்திருக்கும், எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், ஏழாயிரம் ஆகும், இரண்டு நாள் வண்டி இருக்காது என்றிருக்கிறார்கள். இரண்டு நாள் பால் போகாவிட்டால் டீக்கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். வளர்ந்து வரும் கிடேரிக் கன்றை விற்றுச் செலவு செய்யலாமா என்பது அவருடைய கேள்வி.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. ஆயிலை வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் ஆடிக்கும் தவறாமல் மாற்றிவிடுவதாகவும், அண்ணனின் டிராக்டருக்கு வாங்கும் பெரிய கேனிலிருந்தே எடுத்து ஊற்றுவதால் தனிச் செலவு இல்லை என்றும் எழுதியிருக்கிறார். கன்றை விற்பதற்கு முன் பார்க்க வேண்டியது இந்த வரியைத்தான்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு இரண்டு நடை, 44 கிலோமீட்டர். மாதத்துக்கு 1,320. பொங்கலிலிருந்து ஆடி வரும்போது வண்டி கிட்டத்தட்ட 8,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அத்தனையும் சுமையோடு, அத்தனையும் டீக்கடைக்கு டீக்கடை நின்று கிளம்பும் ஓட்டம். பண்டிகை வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. எஞ்சினுக்குப் பண்டிகை தெரியாது, கிலோமீட்டர்தான் தெரியும். தூசி, சுமை, அடிக்கடி நிறுத்திக் கிளப்புவது இருந்தால் ஆயிலை முன்னதாகவே மாற்றச் சொல்லி வண்டிக் கைப்புத்தகங்களே எச்சரிக்கின்றன. இவருடைய ஓட்டத்துக்கு 2,500, மிஞ்சினால் 3,000 கிலோமீட்டர் சரியான கெடு. அதாவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

ஆயில் எஞ்சினுக்குத்தானே, கியருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் கேட்பதுண்டு. பெரும்பாலான டிராக்டர்களில் எஞ்சின் ஆயில் தனி, கியர் பெட்டி ஆயில் தனி, கிளட்ச் காய்ந்த இடத்தில் தனியாக இருக்கும். இன்றைய நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் அப்படியில்லை. ஒரே கூட்டுக்குள், ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான் மூன்று வேலையும் பார்க்கிறது. பிஸ்டனும் கிராங்கும் உரசாமல் காக்கிறது. கியர் பற்களுக்கு நடுவே மெத்தைபோல் நிற்கிறது. கிளட்ச் பிளேட்டுகளை நனைத்துச் சூடு தணிக்கிறது. வீட்டில் ஒரே ஆள் மாடும் பார்த்து, தண்ணீரும் கட்டி, சந்தைக்கும் போவதுபோல. அந்த ஆள் ஓய்ந்தால் எந்த வேலை முதலில் கெடும் என்று சொல்ல முடியாது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் கெடுதல் முதலில் தெரிவது கியர் போடும் காலில்தான்.

கிளட்ச்சுக்குள் உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட் ஒன்று, இரும்புத் தகடு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் அந்த அடுக்கை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை எஞ்சினின் சக்தி கியருக்குப் போகும். கைப்பிடி லீவரை அழுத்தினால் இறுக்கம் தளர்ந்து, எஞ்சின் பக்கம் சுற்ற, கியர் பக்கம் சும்மா நிற்க வேண்டும். அந்த நொடியில்தான் காலால் மிதிக்கிறோம். உள்ளே ஒரு உருளை திரும்பி, கவைபோன்ற ஒரு முட்கரண்டி கியரைப் பக்கவாட்டில் தள்ளி, அதன் பக்கத்துப் பற்கள் அடுத்த கியரின் குழிகளில் போய் உட்காருகின்றன. லீவரை அழுத்திய பிறகும் பிளேட்டுகள் முழுதாகப் பிரியாமல் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே இருந்தால், சுற்றுகிற பல் நிற்கிற குழியில் மோதும். அதுதான் அந்த ‘டக்’. கோத்த பல் மேல் விசை இருந்துகொண்டே இருப்பதால் அது எளிதில் வெளியே வராது. நியூட்ரல் கிடைக்காததற்குக் காரணம் இதுவே.

ஆக, கியர் முரண்டு பிடித்தால் குற்றம் கியரில் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. நெல் இலை மஞ்சளித்ததும் யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடுபவர்கள் உண்டு. பல நேரம் அங்கே தேவைப்படுவது யூரியா அல்ல, தேங்கிய தண்ணீரை வடிப்பது. பட்டறைக்குப் போகும்போது ‘கியர் பாக்ஸ் போயிடுச்சு’ என்று நோயின் பெயரை நாமே சொல்லிவிட்டால், மெக்கானிக்கும் அங்கிருந்தே தொடங்குவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, கடைசியாக ஆயில் மாற்றியது எந்தக் கிலோமீட்டரில் என்று சொல்வதுதான் வண்டிக்காரர் வேலை.

ஆயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டப்பா மேல் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் குளிர்ந்த நிலையில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைக் காட்டும். எண் சிறிதானால் குளிரிலும் எளிதாக ஓடும். இரண்டாவது எண் எஞ்சின் சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. இப்படி இரண்டு நிலைக்கும் ஒத்துவருவதற்காக ஆயிலில் நீளமான சங்கிலிபோன்ற வேதிப்பொருள் கலந்திருக்கும். காரில் அது நீண்ட நாள் தாங்கும். மோட்டார் சைக்கிளில் அதே ஆயில் கியர் பற்களுக்கு நடுவிலும் போய்வர வேண்டியிருப்பதால், ஆலையில் விட்ட கரும்புபோல அந்தச் சங்கிலிகள் நசுங்கி அறுந்துபோகும். பார்வைக்கு ஆயில் அளவு குறையாமல் இருக்கும், ஆனால் மெத்தை போய்விட்டிருக்கும். புது ஆயில் ஊற்றிய அன்று கியர் வெண்ணெயாக விழுந்து, நாளாக நாளாகச் சத்தம் கூடுவதற்கு இது ஒரு காரணம். அதோடு கிளட்ச் தேய்ந்த துகளும் கரியும் சேர்ந்து பிளேட்டுகளுக்கு நடுவே பசைபோல் நிற்கும்.

ஸ்பிளெண்டருக்குக் கைப்புத்தகம் சொல்வது 10டபிள்யூ-30. வேறு கம்பெனி வண்டிகளில் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50, 15டபிள்யூ-50 என்று மாறும். ‘கெட்டி ஆயில் ஊற்றினால் எஞ்சின் பலமாகும்’ என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டியில் கெட்டி ஆயிலை ஊற்றினால் மார்கழி விடியற்காலையில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு பிரியாது. பாலுக்குக் கிளம்பும் நேரமே அந்த நேரம்தான்.

எண்ணைவிட முக்கியமானது டப்பாவின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். ஜே, ஏ, எஸ், ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஜாசோ என்பார்கள். இது ஜப்பானிய வாகனத் தர அமைப்பின் பெயர். நனைந்த கிளட்ச்சில் ஆயில் வழுக்குமா, பிடிக்குமா என்று சோதித்து, 1998 முதல் இந்தத் தரம் கொடுக்கப்படுகிறது. ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்றிருந்தால் கியர் வண்டிக்கு ஏற்றது. எம்.பி. என்றிருந்தால் அது வழுக்கல் கூடிய ஆயில். கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது. ஜாசோ டி.எச். என்று தொடங்கினால் அது டீசல் எஞ்சினுக்கானது. நான்கு எழுத்தைப் பார்த்ததும் சரி என்று வாங்கிவிடாமல், பின்னால் வரும் எழுத்தையும் படிக்க வேண்டும்.

டிராக்டர் ஆயில் மட்டமானது என்பதல்ல. அது டிராக்டரின் டீசல் புகைக்கரியைச் சமாளிக்கத் தயாரிக்கப்பட்டது. நனைந்த கிளட்ச்சையும் சிறிய கியர்களையும் மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டது அல்ல. அநேகமாக 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 ஆக இருக்கும், குளிரில் 10டபிள்யூ-30 அளவுக்கு இளகாது. அண்ணன் டிராக்டருக்கு வாங்கியது அண்ணன் டிராக்டருக்கே இருக்கட்டும். டிராக்டர் கியர் பெட்டிக்கு ஊற்றும் 90 நம்பர் கியர் ஆயிலை, ‘கியருக்குத்தானே’ என்று மோட்டார் சைக்கிளில் ஊற்றுவது அதைவிடக் கெடுதல். எஞ்சினும் அதையேதான் குடித்தாக வேண்டும்.

செங்கம் வாசகருக்குச் செலவில்லாத ஒரு சோதனை முதலில் எழுதப்பட்டது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு கையால் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாக் கியரும் தடையில்லாமல் விழுந்து, திரும்ப நியூட்ரலுக்கும் வந்தால், கியர் பெட்டி பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மட்டும் வரும் தொல்லை கிளட்ச் பக்கத்தது. எஞ்சின் அணைந்திருக்கும்போதும் சக்கரம் சுற்றச் சுற்றக் குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் விழ மறுத்தால், மிதியிலோ உள்ளேயோ கோளாறு. சக்கரத்தைச் சுற்றாமல் பார்த்துவிட்டு விழவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. பல்லும் குழியும் நேருக்கு நேர் வந்தால்தான் எந்த வண்டியிலும் கியர் விழும். மூன்றாம் கியரிலேயே வந்து நின்றுவிட்டு, நின்ற பிறகு கீழே இறக்கப் பார்த்தால் இறங்காததும் இதனால்தான். வண்டியை ஓரடி முன்னும் பின்னும் அசைத்தால் இறங்கிவிடும். அது கோளாறே அல்ல.

அவர் செய்து பார்த்து மறு கடிதம் எழுதினார். எஞ்சின் அணைந்திருக்கையில் நான்கு கியரும் ஒழுங்காக விழுந்திருக்கின்றன. இரண்டு நாள் கழித்துத் தன் மருமகனோடு சேர்ந்து வண்டியை முழுதாகப் பார்த்தபோது வேறு சில விஷயங்களும் வெளிப்பட்டன. அவை எல்லாருடைய வண்டியிலும் இருக்கக்கூடியவை.

முதலாவது கிளட்ச் லீவரின் தளர்ச்சி. லீவரை ஒரு விரலால் மெல்ல இழுத்தால், கனம் தட்டுவதற்கு முன் அதன் நுனி கொஞ்ச தூரம் சும்மா வரும். ஸ்பிளெண்டர் ரக வண்டிகளில் இது 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கலாம். ஒரு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு சில வண்டிகளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், அவரவர் கைப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செங்கம் வண்டியில் அது இரண்டு விரலைத் தாண்டியிருந்திருக்கிறது. லீவரைக் கைப்பிடி வரை அழுத்தினாலும் கிளட்ச் பாதிதான் பிரிந்திருக்கும். கியர் அடித்ததில் பெரும்பங்கு இதற்குத்தான்.

இங்கே பலர் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். தளர்ச்சி அதிகமானால் கிளட்ச் பிரியாது, கியர் கடினமாகும். தளர்ச்சியே இல்லாமல் ஒயரை இறுக்கினால் கிளட்ச் முழுதாகச் சேராது; மேட்டில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, கருகிய வாடை வரும். கியர் லேசாக விழட்டும் என்று ஒயரை விறைப்பாக இழுத்துக்கட்டி, ஒரே மாதத்தில் பிளேட்டை எரித்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஒயரின் முனையில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டைத் திருப்பி, அளவு வந்ததும் பூட்டு நட்டை மறுபடி இறுக்க வேண்டும். ஹேண்டில் பாரை இடமும் வலமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, அப்போதும் தளர்ச்சி மாறாமல் இருந்தால்தான் வேலை முடிந்தது. மாறினால் ஒயர் எங்கோ மடங்கிச் சிக்கியிருக்கிறது. ஒயரின் இழைகள் லீவர் பக்கத்தில் பிரிந்து முள்ளாக நின்றால் அன்றே மாற்றிவிடுவது நல்லது. அது பால் நேரத்தில்தான் அறுந்துவிழும்.

இரண்டாவது, கியர் மிதி. வரப்பில் ஒருமுறை வண்டி சாய்ந்ததில் மிதி உள்பக்கமாக வளைந்து, முழுதாக மிதிபடுவதற்கு முன்பே மூடியில் இடித்துக்கொண்டிருந்தது. பாதி மிதித்தால் கியர் பாதிதான் போகும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எஞ்சின் அலறியது இதனால். மிதியைத் தண்டில் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்தாலும், தண்டின் வரிப்பற்கள் தேய்ந்தாலும், கழற்றிப் போடும்போது ஒரு பல் மாறிப்போனாலும் இதே தொல்லை வரும். வண்டியை வாங்கியபோது இருந்த உயரத்தில் மிதி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. எல்லாக் கியரும் முன்பக்கம் மிதிக்கும் வண்டிகளில், ஓட்டும்போது காலை மிதிமேலேயே வைத்திருக்கும் பழக்கமும் பலருக்கு உண்டு. அந்தக் கால் பாரம் உள்ளே இருக்கும் கவையை ஓயாமல் தேய்க்கும்.

செயின் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி, எங்கே அதிக இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும். தொங்கும் செயின் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வெடுக்கென்று இழுக்கும். கேன் ஏற்றும் வண்டி என்பதற்காக அதை விறைப்பாக இழுத்துக்கட்டவும் கூடாது. சுமை ஏறினால் பின்பக்கம் அமுங்கிச் செயின் இன்னும் இறுகும்.

மூன்றாவதாகக் கவனிக்க வேண்டியது நின்றபடி ஓடும் வேகம். சுமையில் வண்டி அணையாமல் இருக்கட்டும் என்று கார்பரேட்டர் திருகை ஏற்றி வைத்திருப்பார்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது முதல் கியர் போட்டால் அடிக்காமல் என்ன செய்யும்? பழைய கார்பரேட்டர் வண்டியில் திருகைக் குறைத்துக்கொள்ளலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் என்பதால் அதில் கை வைக்க வேண்டாம், சர்வீஸ் மையத்தில் பார்ப்பதே முறை.

ஆயில் மாற்றுவதிலும் ஒரு முறை உண்டு. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அடியில் நிற்கும் கசடும் சேர்ந்து வரும். வடிந்த ஆயிலை வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பாக இருப்பது இயல்பு. பால் கலந்த டீபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வாய்க்காலிலோ வெள்ளத்திலோ இறக்கிய வண்டியில் இப்படி ஆகும், நாளைத் தள்ளாமல் மாற்ற வேண்டும். பளபளவென்று மாவுபோல் இருப்பது தேய்மானம். நகத்தில் எடுக்கும் அளவுக்கு இரும்புச் சில்லு இருந்தால் அதைப் பொட்டலம் கட்டி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். வடிக்கும் போல்ட்டைப் பலம் கொண்டமட்டும் இறுக்கக் கூடாது, அது திருகி உட்காரும் இடம் அலுமினியம். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் காரில் உள்ளதுபோல் கழற்றி எறியும் ஃபில்டர் கிடையாது. சல்லடையும், சுழற்சியில் அழுக்கை ஒதுக்கும் கிண்ணமும் இருக்கும். சர்வீசில் அவற்றைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் பல இடங்களில் செய்வதில்லை.

அளவு பார்க்கும்போது வண்டி சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்ப்பது தப்புக் கணக்கு. இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மேலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டு எடுத்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் தெரிய வேண்டும். கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் நல்லதல்ல. கூடுதல் ஆயில் நுரைக்கும், கிளட்ச்சையும் இழுக்கும்.

செங்கம் வாசகர் 10டபிள்யூ-30, எம்.ஏ. ஆயில் ஒரு டப்பா வாங்கி மாற்றி, ஒயரைச் சரிசெய்து, மிதியை நிமிர்த்தியிருக்கிறார். ஒயர், ஆயில் எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. முதல் இரண்டு நாள் பெரிய மாற்றம் தெரியவில்லையாம். பழைய கசடு பிளேட்டிலிருந்து விடுபட நேரம் எடுக்கும். ஒரு வாரத்தில் நியூட்ரல் கிடைக்கத் தொடங்கியது. மூன்றாவது கியரும் விழுகிறது. ஆனால் முழுச் சுமையோடு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது இன்னும் லேசாக வழுக்குகிறது என்கிறார். எட்டு வருடம் பால் சுமந்த பிளேட்டுகளுக்கு ஆயுள் முடிந்திருக்கும், அவற்றை மாற்றத்தான் வேண்டும். ஸ்பிளெண்டரில் கிளட்ச் வலது பக்க மூடிக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சினை இறக்காமல் மூடியைக் கழற்றி மாற்றிவிடலாம். கியரைப் பார்ப்பதற்குத்தான் எஞ்சினை இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். காலை நடை முடிந்து கொடுத்தால் மாலை நடைக்குள் வாங்கிவிடக்கூடிய வேலை இது. பிளேட் மாற்றும்போது, அவை கோத்திருக்கும் வெளிக்கூட்டின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று காட்டச் சொல்ல வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் புதுப் பிளேட் போட்டாலும் அதில் சிக்கிக்கொண்டு பிரியாது. கன்றை விற்க வேண்டியதில்லை.

எஞ்சினைப் பிரித்தே தீர வேண்டிய நிலையும் உண்டு. சுமையில் ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாக வெளியே குதித்தால், எப்போதும் அதே ஒரு கியரே தொல்லை கொடுத்தால், ஆயிலில் சில்லு வந்தால், தள்ளிப்போடுவது ஆபத்து. பக்கப் பற்கள் மழுங்கியிருக்கும், அல்லது கவை வளைந்திருக்கும். ஓட்டத்தில் கியர் பூட்டிக்கொண்டால் வண்டி ஆளைத் தூக்கி எறியும். அங்கே ஏழாயிரத்தைப் பார்க்கக் கூடாது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து வாசகர் ஒருவர், மகன் காருக்கு வாங்கி மிச்சமிருந்த விலை உயர்ந்த ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றியதாகவும், அன்றிலிருந்து கியர் லேசாக விழுந்தாலும் வண்டி இழுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். விலை உயர்ந்ததுதான், இடம்தான் தப்பு. எரிபொருள் மிச்சப்படுத்தும் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்திருக்கும். கிளட்ச் வேலை செய்வதே உராய்வால்தான். ஓட்டாமல் உடனே வடித்துவிட்டு எம்.ஏ. ஆயிலை ஊற்ற வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதையும் ஒருமுறை மாற்றினால் பழையதின் மிச்சம் போகும். அதற்குப் பிறகும் வழுக்கினால் பிளேட் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இன்னொருவர் பழைய ஆர்.எக்ஸ்.100 வைத்திருக்கிறார், பெட்ரோலோடு 2டி ஆயில் சேர்கிறதே, கியருக்கு வேறு ஆயில் தேவையா என்கிறார். கட்டாயம் தேவை. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் 2டி ஆயில் எஞ்சினுக்குள் எரிந்து புகையாகப் போய்விடும், கியர் பெட்டிப் பக்கமே வராது. கியருக்கும் கிளட்ச்சுக்கும் தனி ஆயில், தனி மூடி. புகை வருகிறது, ஆயில் இருக்கிறது என்று அதை வருடக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். பழைய இரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்களுக்கும் கியர் பெட்டி தனியாக இருப்பது நினைவிருக்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலைக் கரையான் வராமலிருக்க வேலிக்காலிலும் மரத்தடியிலும் ஊற்றலாமா, மாட்டுப் புண்ணில் தடவலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. எஞ்சினில் வெந்த ஆயிலில் உலோகத் துகளும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்களும் சேர்ந்திருக்கும். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் அடங்கும். ஊற்றிய இடத்தில் மண்ணின் காற்றோட்டம் அடைபட்டு நுண்ணுயிர்கள் சாகும். கிணற்று ஓரமாக இருந்தால் தண்ணீரிலும் வாடை ஏறும். மாட்டுப் புண்ணுக்குக் கால்நடை மருந்தகம் இருக்கிறது. ஆயில் மாற்றிய கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் மடியைத் தொடக் கூடாது. பழைய ஆயிலை மூடியுள்ள ஒரு கேனில் சேர்த்து வைத்து, அடுத்த முறை போகும்போது பட்டறையிலேயே கொடுத்துவிடலாம். அவர்கள் சேர்த்து வைத்துச் சுத்திகரிப்புக்கு எடுப்பவரிடம் கொடுப்பார்கள். அந்தக் கேனில் ‘பழைய ஆயில்’ என்று பெயிண்டில் எழுதிவிட வேண்டும். எத்தனை முறை கழுவினாலும் பாலுக்கோ மருந்துத் தெளிப்புக்கோ அது மறுபடி ஆகாது.